அப்பா ராத்திரி பத்தரைக்குக் கட்டன் சாயா கேட்டார்

2014 ஜூனில் அப்பாவும் அம்மாவும் என்னைப் பார்க்க அபர்தீன் வந்தார்கள். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள ஊர் அது. நான் அங்கே நர்ஸாக இருந்தேன். வந்து இறங்கிய அன்று மத்தியானச் சோறு முடிந்ததும் அப்பா பேசிக்கொண்டே இருந்து, மூன்றரைக்கு "கொஞ்சம் கண்ணை மூடட்டும்" என்று சாய்ந்தார். விழித்தபோது சுவர்க் கடிகாரத்தில் பத்தரை. ஜன்னலில் வெளிச்சம். பதறிப்போய்ப் பல் தேய்த்து, முகம் கழுவி, வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். "மக்களே, மணி பத்தரை ஆச்சே, எழுப்பப்பிடாதா? ஒரு கட்டன் சாயா தா." பால் விடாத தேநீரைத்தான் எங்கள் பக்கம் கட்டன் சாயா என்போம்.

நான் மறுநாள் டூட்டிக்கு யூனிஃபார்ம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அது ராத்திரி பத்தரை. ஜூன் மாதம் அங்கே சூரியன் மறைவதே பத்து மணி வாக்கில்தான். மறைந்த பிறகும் வடக்குப் பக்கம் வானம் வெளுத்தே கிடக்கும், முழு இருட்டு வராது.

அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். ஆனால் அப்பாவிடம் பிழை ஒன்றும் இல்லை. அபர்தீனில் ராத்திரி பத்தரை என்றால் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊரான குலசேகரத்தில் விடியக்காலம் மூன்று மணி. நாற்பது வருஷமாக அவர் மூன்று மணிக்கு எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர். வெயில் ஏறினால் பால் நின்றுபோகும், அதனால் குளிர்ச்சி இருக்கும்போதே வெட்டி முடிக்க வேண்டும். உடம்பு தன் மணிக்குச் சரியாக எழுப்பிவிட்டது. கடிகாரமும் வெளிச்சமும்தான் அவரை ஏமாற்றின.

குவைத்தில் எட்டு வருஷம், அபர்தீனில் பதினான்கு வருஷம், அதில் பாதி ராத்திரி டூட்டி. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். பிள்ளைகளைப் பார்க்க முதல் தடவை விமானம் ஏறுகிற அக்காமார், அண்ணன்மார், படிக்கப் போகிற பிள்ளைகள் எல்லாரும் பெட்டி கட்டும்போது என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்க போனா உறக்கம் வருமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

நமக்கு ஏன் இது கொஞ்சம் கூடுதல் கஷ்டம்

கன்னியாகுமரி மாவட்டம் பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி வடக்கே இருக்கிறது. இங்கே ஜூனில் சூரியன் ஆறு மணி தாண்டியதும் உதித்து ஆறு நாற்பது வாக்கில் மறையும். டிசம்பர் கடைசியில் ஆறரை வாக்கில் உதித்து ஆறு பத்து வாக்கில் மறையும். வருஷத்திலேயே நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. கருக்கல் ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் இருட்டு. அந்திக்கு விளக்கேற்றுவதும் ஜெபம் சொல்வதும் பாங்கு கேட்பதும் பனிக்காலமானாலும் வெயில்காலமானாலும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். கடிகாரம் இல்லாமலேயே வாழ்ந்துவிடலாம்.

அபர்தீன் 57 டிகிரி வடக்கே. ஜூனில் விடியக்காலம் 4.15 வாக்கிலேயே சூரியன் வந்துவிடும், பகல் கிட்டத்தட்ட 18 மணி நேரம். டிசம்பரில் 8.45-க்கு உதித்து மத்தியானம் மூன்றரைக்கு மறைந்துவிடும், பகல் ஏழு மணி நேரம்கூட இல்லை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் வாரத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பகல் நீளும் அல்லது சுருங்கும். ஆக அங்கே போகிறவருக்கு இரண்டு வேலை: மணி வித்தியாசத்துக்குப் பழக வேண்டும், பகலின் நீளத்துக்கும் பழக வேண்டும். முதலாவது ஒரு வாரத்தில் தீரும். இரண்டாவது வருஷம் முழுக்க உண்டு.

இதற்கு வெளிநாடு வரைகூடப் போக வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் பட்டாளத்தில் குவாஹாத்தியில் இருந்தார். இந்தியா முழுக்க ஒரே மணி என்பதால் அங்கே ஜூனில் நாலரைக்கே சூரியன் உதித்துவிடும், டிசம்பரில் நாலே முக்காலுக்குள் மறைந்துவிடும். லீவில் வந்தால் ஒரு வாரம் ராத்திரி எட்டுக்கே கொட்டாவி விடுவார்.

உடம்பின் நடுச்சாமம்

உறக்கத்தைத் துரத்தாதீர்கள், வெளிச்சத்தைப் பிடியுங்கள். நான் சொல்ல வந்ததே இதுதான், மற்றதெல்லாம் இதன் கணக்கு.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்பது வெறும் பேச்சு இல்லை. மூளையில் கண் நரம்புகள் குறுக்கே போகிற இடத்துக்குச் சற்று மேலே, அரிசிமணியை விடச் சிறிய ஒரு கூட்டம் செல்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். மனிதருக்கு அது தானாக ஓடவிட்டால் 24 மணி நேரத்தை விடச் சற்று மெதுவாக ஓடும். தினமும் கண்ணில் படுகிற வெளிச்சம்தான் அதைத் திருத்தி வைக்கிறது.

திருத்துவது எந்தப் பக்கம் என்பதில்தான் சூட்சுமம். நாம் வழக்கமாக எழுகிற நேரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னால் உடம்புச் சூடு ஒரு நாளிலேயே மிகக் குறைவாக இருக்கும். ராத்திரி டூட்டி பார்த்த நர்ஸுகளுக்கு இது நன்றாகத் தெரியும். மூன்றரை நாலு மணிக்கு வார்டில் எல்லாரும் ஸ்வெட்டரைத் தேடுவோம், கை தானாகக் குளிர்ந்துவிடும். இதை நான் உடம்பின் நடுச்சாமம் என்று சொல்வேன். இந்த நடுச்சாமத்துக்கு முன்னால் உள்ள சில மணி நேரங்களில் வெளிச்சம் பட்டால் உடம்புக் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகும். மறுநாள் உறக்கமும் விழிப்பும் தாமதமாகும். நடுச்சாமத்துக்குப் பின்னால் பட்டால் கடிகாரம் முன்னால் வரும். சீக்கிரம் உறக்கம் வரும், சீக்கிரம் விழிப்பு வரும்.

இப்போது திசை. நம் ஊர்க்காரருக்கு இது சுலபம். அரபிக் கடல் பக்கமாகப் போனால் நாள் நீளும், உடம்பைத் தாமதப்படுத்த வேண்டும். வங்கக் கடல் பக்கமாகப் போனால் நாள் சுருங்கும், உடம்பை முந்தவைக்க வேண்டும். உள்கடிகாரம் இயல்பிலேயே மெதுவாக ஓடுவது என்பதால் தாமதப்படுத்துவதுதான் எளிது. லண்டன் போகிறபோது "ஒன்றும் தெரியவில்லை" என்கிறவர்கள், திரும்பி ஊருக்கு வந்ததும் பத்து நாள் பேயறைந்த மாதிரி இருப்பது இதனால்தான். சுமாராக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே போகும்போது அதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சரியாகும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் ஊரில் ஆறு மணிக்கு எழுகிறவர். உங்கள் நடுச்சாமம் மூன்றரை. ஜூனில் பிரிட்டன் நம்மை விட நாலரை மணி நேரம் பின்னால். அங்கே போய் இறங்கிய அன்று உங்கள் நடுச்சாமம் ராத்திரி பதினொன்றுக்கே விழுகிறது. அதற்கு முன்னால் உள்ள சாயங்காலம் முழுவதும் உங்களைத் தாமதப்படுத்துகிற வெளிச்சம், அதுதான் வேண்டும். அதனால் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை வீட்டுக்குள் முடங்காமல் வெளியே நடங்கள். பார்க் இருந்தால் பார்க், இல்லாவிட்டால் கடைத்தெரு. காலையில் நாலேகாலுக்கு வருகிற வெளிச்சமோ உங்களை மறுபடி ஊர் மணிக்கே இழுக்கும். ஏழு மணி வரை திரையை விலக்காதீர்கள். முதல் மூன்று நாள் இதைச் செய்தால் போதும்.

அப்பா மூன்று மணிக்கு எழுகிறவர் என்பதால் அவருடைய நடுச்சாமம் இன்னும் முன்னால். மறுநாள் சாயங்காலம் மூன்றரைக்குக் கண் சொருகியதும் அவரை விடாமல் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். அங்கே மணல் உண்டு, அலை உண்டு, ஆனால் ஜூனிலும் காற்று எலும்பைத் துளைக்கும். "இதுக்கு நம்ம முட்டம் எவ்வளவோ பரவாயில்ல" என்று முனகிக்கொண்டே எட்டரை வரை நடந்தார். நாலாம் நாள் ஐந்து மணி வரை உறங்கினார். அதற்கு மேல் அவரை உறங்கவைக்க எந்த நாட்டு மணியாலும் முடியாது.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அப்போது வித்தியாசம் ஐந்தரை மணி நேரம், சாயங்கால வெயிலும் கிடையாது. ராத்திரி ஒன்பது வரை வீட்டு விளக்கை எல்லாம் பிரகாசமாகப் போட்டு வையுங்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து மகன் ஒற்றை விளக்கில் இருப்பான். நாலு நாளைக்குப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நியூ ஜெர்சி பக்கம் போகிறவர்களுக்குக் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். கோடையில் உங்கள் நடுச்சாமம் அங்கே சாயங்காலம் ஆறுக்கு விழும். மத்தியானம் சாப்பிட்டதும் சுருண்டு படுக்கத் தோன்றும், அப்போதுதான் வெளியே இருக்க வேண்டும். பத்து நாள் பொறுமை வையுங்கள். குவைத், துபாய், சிங்கப்பூர் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குள்தான், பெரிதாக மெனக்கெட வேண்டாம். இரண்டு மூன்று நாள் வேலையாகப் போய் வருகிறீர்கள் என்றால் உடம்பை மாற்றவே மாற்றாதீர்கள், ஊர் மணியிலேயே இருந்துவிட்டு வாருங்கள்.

டிக்கெட்டில் ஒரு கண்ணி

என் சின்ன மாமா முதல் தடவை வளைகுடா போகும்போது டிக்கெட்டில் 15-ம் தேதி 00.40 என்று இருந்தது. 15-ம் தேதி பகல் முழுக்க எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு, ராத்திரி எட்டுக்குக் காரில் ஏறித் திருவனந்தபுரம் போனார். விமானம் அன்று விடியும் முன்பே போய்விட்டது. 00.40 என்றால் 14-ம் தேதி ராத்திரி வீட்டை விட்டுக் கிளம்பி, நடு ராத்திரி தாண்டியதும் ஏறுவது. டிக்கெட்டைப் பார்த்ததும் "எந்த ராத்திரி வீட்டில் உறங்கமாட்டேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள், பதில் சரியாக வரும். இன்னொன்று, டிக்கெட்டில் போட்டிருக்கும் கிளம்பும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர் மணி. இரண்டையும் கழித்துப் பார்த்துவிட்டு "மூணே மணி நேரத்துல போயிடும் போல" என்று சந்தோஷப்பட வேண்டாம்.

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைப் போகிற ஊர் மணிக்கு மாற்றிவிடுங்கள். அந்த ஊரில் ராத்திரி என்றால் சாப்பாடு வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுங்கள். காசு கொடுத்த சாப்பாடு என்று யோசிக்காதீர்கள். சாயா, காப்பியின் வேகம் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும், போகிற ஊரின் மத்தியானத்துக்கு அப்புறம் அதைத் தொடாதீர்கள். கட்டன் சாயா இல்லாமல் உயிர் வாழ முடியாது என்கிற நம் ஆட்களுக்கு இது கொடுமைதான். அதற்குப் பதில் சுக்குத் தண்ணீர் குடிக்கலாம், கருப்பட்டியைக் கொஞ்சம் பெட்டியில் வைத்துக்கொண்டால்.

மருந்து சாப்பிடுகிறவர்கள் கைக்கடிகாரத்தை மாற்றும் முன்

இதை மட்டும் நர்ஸாகக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். அம்மா இன்சுலின் போடுகிறவள். பிரிட்டனுக்குப் போகிற நாள் அவளுக்கு 24 மணி நேரம் இல்லை, கோடையில் 28½ மணி நேரம். திரும்புகிற நாள் 19½ மணி நேரம்தான். இரண்டு ஊசிகளுக்கு நடுவில் இடைவெளி நீளுகிறது அல்லது சுருங்குகிறது. சுருங்குகிற நாளில் வழக்கமான அளவை வழக்கமான "காலை மணி"க்குப் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். எந்த அளவு, எப்போது என்பதை நானே மகளாக இருந்தும் சொல்லவில்லை. டிக்கெட்டை எடுத்துக்கொண்டு அவளுடைய டாக்டரிடம் போனோம். அவர் ஊர் மணியில் நேரம் போட்டுத் தாளில் எழுதிக்கொடுத்தார். அதற்காகவே அம்மாவின் கையில் இருந்த பழைய கடிகாரத்தை மாற்றாமல் ஊர் மணியிலேயே விட்டோம். நீங்களும் போவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே டாக்டரைப் பாருங்கள்.

இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். பெரிய பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியில் உறைந்துவிடக்கூடும், உறைந்த இன்சுலின் எதற்கும் உதவாது. ஊசியும் மருந்தும் கையில் இருப்பதற்கு டாக்டர் கடிதம் வைத்துக்கொள்ளுங்கள். வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் கட்டாயம் முன்கூட்டியே கேட்க வேண்டும். அவர்களுக்கு இடைவெளி தவறுவது ஒன்று, உறக்கம் கெடுவதும் இன்னொன்று, இரண்டுமே வலிப்பைக் கிளப்பலாம். தைராய்டு மாத்திரைக்கு இந்தப் பதற்றம் வேண்டாம். அது உடம்பில் பல நாள் நிற்கிற மருந்து, சில மணி நேரம் முன்பின் ஆனால் ஒன்றும் கெட்டுப்போகாது. அந்த ஊர்க் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளுங்கள்.

மெலடோனின் மாத்திரை பற்றியும் கேட்கிறார்கள். ராத்திரி ஆனால் மூளை தானே சுரக்கிற சங்கதிதான் அது. அமெரிக்காவில் கடையில் வைத்து விற்கிறார்கள், பிரிட்டனில் டாக்டர் சீட்டு வேண்டும். கிழக்கே போகும்போது சிலருக்கு உதவும். தப்பான நேரத்தில் போட்டால் கடிகாரத்தைத் தப்பான பக்கம் தள்ளும். அதையும் டாக்டரிடமே கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் மீதம் வைத்ததை வாங்கிப் போடாதீர்கள்.

ஊருக்குத் திரும்பும்போது

என் முதல் சில வருஷத்து லீவெல்லாம் இதில்தான் பாழாயிற்று. விடியக்காலம் திருவனந்தபுரத்தில் இறங்குவேன். தம்பி காரோடு நிற்பான். வீட்டுக்கு வந்ததும் குளித்து, ஞாயிற்றுக்கிழமை என்றால் நேராகக் கோயிலுக்கு. அப்புறம் பெரியம்மா வீடு, அத்தை வீடு. காலை வெயில் முழுக்க முகத்தில். ராத்திரி மூன்று மணிக்குக் கொட்டக் கொட்ட முழித்திருப்பேன், அப்பா பால் வெட்டக் கிளம்பும் சத்தம் கேட்டபின்தான் கண் மூடும். மத்தியானம் ஒரு மணிக்கு அம்மா எழுப்பி, மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் வைத்து, "தின்னுட்டு உறங்கு" என்பாள். பத்து நாள் இப்படியே போகும். அதற்குள் லீவில் பாதி காலி.

கணக்கு தெரிந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பிரிட்டனில் ஏழு மணிக்கு எழுகிற உடம்புக்கு நடுச்சாமம் நாலரை. கோடையில் அது நம் ஊர் மணிக்குக் காலை ஒன்பது, குளிர்காலத்தில் பத்து. ஊரில் காலை ஆறிலிருந்து எட்டரை வரை நான் வாங்கிய வெயில் எல்லாம் நடுச்சாமத்துக்கு முன்னால் பட்டது. என்னை முந்தவைக்காமல் இன்னும் தாமதப்படுத்திக்கொண்டிருந்தது. அப்புறம் வந்த லீவுகளில் வழியை மாற்றினேன். இறங்கியதும் கறுப்புக் கண்ணாடி. வீட்டுக்கு வந்து ஒன்பது மணி வரை ஜன்னல் சாத்திய அறை. ஒன்பதிலிருந்து மத்தியானம் வரை வாசலில், தோட்டத்தில், எங்கே வெளிச்சமோ அங்கே. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உறக்கம் என்றால் அரை மணி நேரம், அலாரம் வைத்து. மறுநாள் எட்டு மணி முதல் வெளியே, அதற்கு மறுநாள் ஏழு. நடுச்சாமம் தினம் ஒரு மணி நேரம் முன்னால் வருகிறது என்று கணக்கு. நாலாம் நாள் எல்லாரோடும் உறங்கி எல்லாரோடும் எழுந்துவிட்டேன். விடியக்காலத்தில் கறுப்புக் கண்ணாடி மாட்டி நடந்ததற்கு "சீமைக்குப் போன பவுசு" என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும்.

இதே காரணத்துக்காக, பிரிட்டனிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வருகிறவர்கள் இரண்டாம் நாளே அவர்களை எழுப்பிக் கன்னியாகுமரிக்குச் சூரிய உதயம் காட்டக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகள் காரிலும் அழும், பாறைக்கு முன்னாலும் அழும். முதலில் முட்டத்துக்கோ வேறு மேற்குக் கரைக்கோ போய் அஸ்தமனம் பார்க்கட்டும், உதயம் நாலாம் நாள். அதுவரை சூரியன் எங்கேயும் போய்விடாது.

கார் பற்றி ஒன்று. விமானத்தில் வந்தவரை விட, அழைக்க வந்தவரைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன். அவர் ராத்திரி முழுக்க விழித்திருந்து, விடியக்காலம் நாலு மணிக்கு, அதாவது தன் உடம்பின் நடுச்சாமத்தில், வண்டி ஓட்டுகிறார். நாங்கள் எப்போதும் வழியில் களியக்காவிளையில் நிறுத்துவோம். தம்பி சீட்டைச் சாய்த்து இருபது நிமிஷம் உறங்குவான், அப்புறம் சாயா, அப்புறம்தான் வண்டி. இறங்கி வந்தவர் ஆர்வக்கோளாறில் "நான் ஓட்டுறேன்" என்று சாவியை வாங்கவே கூடாது.

தங்கி வாழப் போகிறவர்களுக்கு

அபர்தீனில் என் முதல் டிசம்பர். காலை ஏழேகாலுக்கு இருட்டில் வார்டுக்குள் போவேன், ராத்திரி எட்டுக்கு இருட்டில் வெளியே வருவேன். மூன்று நாள் தொடர் டூட்டி என்றால் மூன்று நாளும் சூரியனைப் பார்க்கமாட்டேன். ஜனவரியில் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. வீட்டு ஞாபகம் என்று நினைத்தேன். மலையாளி அக்கா ஒருத்தி, அங்கே ரொம்ப வருஷம் இருந்தவள், என்னைச் சாப்பாட்டு இடைவேளையில் கோட்டுப் போட்டு வெளியே இழுத்துப் போனாள். மேகம் மூடிய வானம்தான். ஆனாலும் மேகம் மூடிய பகலில் வெளியே கிடைக்கிற வெளிச்சம், டியூப் லைட் போட்ட அறையை விடப் பல மடங்கு. தினம் இருபது நிமிஷம் வெளியே நடந்தேன். பிப்ரவரியில் ஆள் மாறிவிட்டேன்.

அங்கே டிசம்பர் நடுப்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஒன்பது டிகிரிதான் மேலே வரும். நம் ஊரில் அதே நாளில் ஐம்பத்தெட்டு டிகிரி. அங்கே அது தெற்கே தூரத்துத் தென்னை மண்டையில் உட்கார்ந்த மாதிரி இருந்துவிட்டு இறங்கிவிடும். அதனால் வீடு பார்க்கும்போது தெற்குப் பார்த்த ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் வாஸ்துக்குப் பார்ப்போம், அங்கே வெளிச்சத்துக்குப் பாருங்கள். வெளியே போக வழியே இல்லாதவர்கள் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) விளக்கு வாங்கிக் காலையில் அரை மணி நேரம் முன்னால் வைத்து உட்காரலாம். வைட்டமின் டி-யை மறக்க வேண்டாம். பிரிட்டன் அரசு மருத்துவ ஆலோசனையே நம்மைப் போலக் கறுத்த தோல்காரர்கள் வருஷம் முழுக்க தினம் 10 மைக்ரோகிராம் எடுக்கலாம் என்கிறது. ஊரில் வெயிலைத் திட்டித் திட்டி வளர்ந்தவள் மாத்திரையாக வாங்கித் தின்றேன்.

கோடைக்கு வேண்டியது கறுப்புத் திரை. காசு இல்லாதபோது ஜன்னலில் அலுமினியத் தாளை ஒட்டுங்கள். இது குவைத்தில் ராத்திரி டூட்டி நர்ஸுகள் எல்லாரும் செய்தது. அங்கே ஜூனில் காலை ஐந்துக்கு முன்பே வெயில் வந்துவிடும். டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போதே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வோம், அறைக்கு வந்தால் பட்டப்பகலில் கும்மிருட்டு. அபர்தீனில் அப்பா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு, கோழி பொரிக்கவா?" என்றார்.

அப்புறம், பிரிட்டனில் வருஷத்துக்கு இரண்டு தடவை மணியையே மாற்றுவார்கள். மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னால், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், சுவர்க் கடிகாரமும் அடுப்புக் கடிகாரமும் மாறாது. அக்டோபர் ராத்திரி டூட்டியில் ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை இரண்டு தடவை வரும். நோயாளிக்கு ஒன்றரைக்கு மருந்து கொடுத்தோம் என்று எழுதினால் எந்த ஒன்றரை என்றும் எழுதி வைப்போம். அமெரிக்காவில் இந்த மாற்றம் வேறு தேதிகளில், மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இந்தியாவிலும் குவைத்திலும் மணி மாறுவதே இல்லை.

அதனால் ஊருக்குப் போன் பேசுகிற நேரம் வருஷத்துக்கு இரண்டு தடவை நகரும். இதை வீட்டில் உள்ளவர்களுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள். காலண்டரில் அந்த இரண்டு ஞாயிறையும் வட்டம் போட்டு மாட்டி வைத்தால் இன்னும் நல்லது. நாங்கள் போட்டிருந்தோம், அப்பா பார்த்ததே இல்லை. அவருக்குப் பேச வசதியான நேரம் பால் வெட்டக் கிளம்பும் முன், விடியக்காலம் மூன்று மணி. கோடை முழுக்க எனக்குச் சரியாக ராத்திரி பத்தரைக்குப் போன் வரும். அக்டோபர் கடைசியில் திடீரென்று ஒன்பதரைக்கு அடிக்கும். நான் அடுக்களையில் கையெல்லாம் மாவோடு ஓடி வந்து, "என்னப்பா, இன்னைக்கு நேரத்தோட?" என்பேன். "நான் எப்பவும் போல மூணு மணிக்குத்தான் கூப்பிடுதேன் மக்களே, உனக்க கடிகாரத்தைப் பாரு" என்பார்.